மாருதி டிக்கிக்குள் ஒரு பெட்டி: நூறு வருடக் கதை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. டீயை ஆற்றி வைத்துக்கொண்டு படியுங்கள்.

கரியாலூரில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவன் போன வாரம் போன் செய்தான். அவன் அப்பா ஓட்டிய மாருதி 800 இப்போது அவன் கையில். "சார், டிக்கில ரெண்டு பன்னெண்டு இஞ்ச் சப்வூஃபர் வச்சு பெட்டி அடிக்கப் போறேன். கன அளவுக் கணக்கு மட்டும் போட்டுக் குடுங்க" என்றான். கணக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த வண்டி பாட்டுக் கேட்க மட்டும் ஓடும் வண்டி இல்லை. சாமை மூட்டை ஏறுவது அதில்தான். ராத்திரியில் யாருக்காவது முடியவில்லை என்றால் மலை இறங்கிக் கள்ளக்குறிச்சிக்குப் போவதும் அதில்தான். டிக்கி முழுவதையும் இரண்டு ஸ்பீக்கருக்கு எழுதிவைத்துவிட்டால் துணிப்பையும் போர்வையும் எங்கே வைப்பார்கள்? அதனால் முதலில் பெட்டியின் கதையைக் கேள், பிறகு கணக்கு என்றேன். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி உங்கள் எல்லோருக்கும் சேர்த்து.

நம் மலையில் மைக் செட் என்றால் முன்பெல்லாம் குழாய் ஸ்பீக்கர்தான். மரத்தில் ஏற்றிக் கட்டினால் அடுத்த ஊருக்கும் கேட்கும். கல்யாணம் எந்த வீட்டில் என்று பாட்டை வைத்தே கண்டுபிடிப்போம். ஆனால் அதில் 'தும் தும்' என்ற அடிச் சத்தம் கிடையாது. இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் என்று ஒன்று ஓடுகிறது என்பதே ஹெட்போன் மாட்டிக் கேட்ட பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. காரணம் எளிது. தாழ்ந்த ஒலியின் அலை மிக நீளம். நொடிக்கு 50 முறை அதிரும் ஒலிக்கு ஓர் அலை ஏறக்குறைய 7 மீட்டர். குழாயின் வாய் அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமென்றால் வீட்டு வாசல் அளவுக்கு விரிய வேண்டும். அதை எந்த மரத்தில் கட்டுவது?

கூம்புக் காகிதமும் கம்பிச் சுருளும் காந்தமும் கொண்ட இன்றைய ஸ்பீக்கரின் வடிவத்தை 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் கொடுத்தார்கள். சுருளுக்குள் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ளும். கூடவே காகிதமும் ஆடும். நூறு வருடம் ஆகியும் இதில் அடிப்படை மாறவில்லை.

ஆனால் அந்த ஸ்பீக்கரை வெறும் கையில் பிடித்தால் பேஸ் வராது. காகிதம் முன்னால் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்னால் இழுக்கிறது. முன் அலையும் பின் அலையும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று தின்றுவிடும். பழைய ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றி, அட்டையில் வட்டமாக ஓட்டை போட்டு அதன் மேல் வைத்துப் பாருங்கள். சத்தம் சட்டென்று கனத்துவிடும். அந்த அட்டைதான் பெட்டியின் முதல் வடிவம். அட்டையை மடித்து ஐந்து பக்கமும் மூடினால் பெட்டி.

பின் அலையை வீணாக்காமல் பயன்படுத்த முடியாதா என்று யோசித்தவர் பெல் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் துராஸ். 1930-ல் விண்ணப்பித்து 1932-ல் காப்புரிமை பெற்றார். பெட்டியில் அளவாக ஒரு துவாரம் விட்டால் அதிலுள்ள காற்று பெட்டிக் காற்றின் மேல் ஸ்பிரிங் போல ஆடி, குறிப்பிட்ட ஒரு தாழ்ந்த ஒலியை ஏற்றிக் கொடுக்கும். இந்தத் தத்துவத்தை ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிவிட்டார். நமக்கு அதைவிடப் பழைய உதாரணம் வீட்டிலேயே இருக்கிறது: கடம். வித்வான் கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாய் மூடினால் ஒரு குரல், திறந்தால் ஒரு குரல். துராஸின் துவாரப் பெட்டியும் சதுரமான ஒரு கடம்தான்.

துவாரப் பெட்டியின் குறை அதன் உடம்பு. நல்ல பேஸ் வேண்டுமானால் இடம் தாராளமாக வேண்டும். தம்பி கேட்ட இரண்டு பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கருக்குத் துவாரப் பெட்டி என்றால் சாதாரணமாக நூறு லிட்டர் எடுத்துக்கொள்ளும். மாருதி 800-ன் மொத்த நீளமே மூன்றே கால் மீட்டர் சொச்சம்!

இங்கேதான் எனக்குப் பிடித்த மனிதர் வருகிறார், எட்கர் வில்ச்சர். அவரும் வாத்தியார்தான், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு பற்றிப் பாடம் எடுத்தவர். அதுவரை ஸ்பீக்கர் காகிதத்தின் விளிம்பை விறைப்பாக வைத்து, அந்த விறைப்பையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார்கள். விறைப்பு சீராக இருக்காது, சத்தம் கரகரக்கும். வில்ச்சர் தலைகீழாக யோசித்தார். விளிம்பைத் தளர்வாக விட்டுவிடு, பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடு, உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக இருக்கட்டும். முதல் மாதிரிக்குத் தளர்வான விளிம்பை மெத்தை உறைத் துணியில் தைத்துக் கொடுத்தவர் அவர் மனைவி ரோஸ்மேரி. கூட்டாளியாகச் சேர்ந்தவர் அவரது வகுப்பில் படித்த ஹென்றி கிளாஸ். 1954-ல் வெளிவந்த அந்தச் சிறிய பெட்டி, பீரோ அளவுப் பெட்டிகள் கொடுத்த பேஸைக் கொடுத்தது. மாணவனோடு சேர்ந்து ஒரு வாத்தியார் கம்பெனி தொடங்கினார் என்பதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

பெட்டியின் அளவைக் குத்துமதிப்பாக வைக்காமல் கணக்காகப் போட வழி செய்தவர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்த நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் இருவரும். தீல் 1961-லேயே எழுதிவிட்டார். 1971-ல் அமெரிக்க இதழ் ஒன்று மறுபடி அச்சிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று சப்வூஃபரோடு வரும் தாளில் இருக்கும் எண்கள் இவர்கள் பெயரில் அமைந்தவையே. தம்பி, அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதே.

காரில் பாட்டு என்பது 1930-ல் மோட்டரோலா ரேடியோவோடு பரவத் தொடங்கியது. கேசட், சி.டி., பென் டிரைவ் கதையெல்லாம் நீங்களே பார்த்தது. மாருதி 800 முதல் வண்டியின் சாவி 1983 டிசம்பர் 14 அன்று கொடுக்கப்பட்டது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. அதனால் கடைசியாக வந்த வண்டிக்கும் இன்று வயதாகிவிட்டது. ஆனால் அந்தச் சின்ன உடம்பில் ஒரு லாபம் உண்டு. 7 மீட்டர் அலைக்கு 3 மீட்டர் வண்டிக்குள் விரிய இடமில்லை. மூடிய காருக்குள் காற்று மொத்தமாக அழுந்தி விரியும்போது தாழ்ந்த ஒலி தானாகவே ஏறுகிறது. மூடிய பெட்டியில் கீழே போகப் போகக் குறையும் பேஸைக் கார் ஏற்றிக் கொடுத்துவிடும். ஆக, சின்ன காருக்கு வில்ச்சரின் வழிதான் சரி என்பது என் தீர்ப்பு. ஒரே ஒரு பத்து இஞ்ச் ஸ்பீக்கர், மூடிய பெட்டி.

இப்போது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. உள்ளளவு 42 செ.மீ., 28 செ.மீ., 18 செ.மீ. பெருக்கினால் 21,168 கன செ.மீ., அதாவது 21 லிட்டர் சொச்சம். ஸ்பீக்கரின் உடம்புக்கு ஒரு லிட்டர் போனால் 20 லிட்டர், ஒரு தண்ணீர் கேன் அளவு. 18 மி.மீ. பலகை என்றால் வெளியளவு ஒவ்வொரு பக்கமும் 3.6 செ.மீ. கூடும். தாளில் கம்பெனிக்காரன் வேறு அளவு சொன்னால் அவன் சொல்வதே சரி.

பலகை எம்.டி.எஃப். வேண்டாம். கரியாலூர் மூடுபனிக்கும் மழைக்கும் அது ஊறி உப்பிவிடும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்கு. 2021-ல் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய கள்ளக்குறிச்சியில் நல்ல ஆசாரிக்குப் பஞ்சமில்லை. மூட்டுகளில் பசையும் ஸ்குரூவும், உள்ளே ஓரமெல்லாம் சிலிக்கான். தலையணைக்குப் போடும் ஃபைபர் பஞ்சைத் தளர்வாக அடைத்தால் பெட்டி இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிது போல வேலை செய்யும். மாட்டிய பிறகு கூம்பை விரலால் மெல்ல அழுத்திவிடு. நிதானமாகத் திரும்பினால் காற்று ஒழுகவில்லை.

பெட்டியை வண்டியோடு ஸ்குரூ போட்டு இறுக்காதே. பழைய தகடு துருப்பிடித்திருக்கும், பின்பக்க அடியில் பெட்ரோல் டாங்க் வேறு. பெல்ட் போட்டுக் கட்டு. ஆளை ஏற்ற வேண்டுமென்றால் இரண்டு நிமிடத்தில் கழற்றித் திண்ணையில் வைத்துவிடலாம். ஆம்ப் 150 வாட் போதும். 300 வாட் என்றால் முழுச் சத்தத்தில் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அடிக்கு அடி ஹெட்லைட் மங்கும். பனி இறங்கும் ராத்திரியில் அது விளையாட்டில்லை. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம்.

கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ் ஹாரன் காதில் விழ வேண்டும், அவ்வளவு சத்தம் போதும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான்.

வில்ச்சரைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. பெட்டி வியாபாரத்தை விற்றுவிட்டு அவர் காது கேளாதோருக்கான கருவி ஆராய்ச்சிக்குப் போனார். மெல்லிய சத்தத்தை அதிகமாகவும் பெரிய சத்தத்தைக் குறைவாகவும், உயர்ந்த ஒலிக்கும் தாழ்ந்த ஒலிக்கும் தனித்தனியே ஏற்றிக் கொடுக்கும் முறையை 1973-ல் வெளியிட்டார். காப்புரிமை எடுக்காமல் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 2011-ல் 94 வயதில் இறந்தார். என் இடது காதில் இப்போது இருப்பதும் அந்த வகை மிஷின்தான். அதனால் அடுத்த முறை வீட்டுக்கு வருகிறவர்கள் கத்த வேண்டாம், மெதுவாகப் பேசினாலே கேட்கிறது.