கணினித் திரையின் புதுப்பிப்பு வீதமும் மறுமொழி நேரமும்

கணினித் திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதிதாக வரைகிறது என்பது அதன் புதுப்பிப்பு வீதம் ஆகும்; இது ஹெர்ட்சில் குறிக்கப்படும். பிக்சல் எனப்படும் படப்புள்ளி ஒரு நிறத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற எடுக்கும் நேரம் மறுமொழி நேரம். இது மில்லிநொடியில் அளக்கப்படும். விற்பனைப் பெட்டிகளில் இரண்டும் அருகருகே அச்சிடப்படுவதால் பலர் இவற்றைக் குழப்பிக்கொள்கின்றனர்.

60 ஹெர்ட்சு என்னும் எண் கணினிக்காக உருவானதன்று. அமெரிக்காவின் மின்வழங்கல் 60 ஹெர்ட்சு என்பதால், 1941 இல் வந்த அந்நாட்டுத் தொலைக்காட்சித் தரமும் அதையே தழுவியது. பிரித்தானியாவில் மின்சாரமும் தொலைக்காட்சியும் 50 ஹெர்ட்சு.

பழைய கதிர்க்குழாய்த் திரைகளில் எலக்ட்ரான் கற்றை பட்ட இடம் ஒளிர்ந்து மங்கும். கற்றை திரும்பி வருமுன் மங்கிவிட்டால் சிமிட்டல் தெரியும். 1981 இல் ஐபிஎம் தனிக்கணினியுடன் வந்த 5151 என்னும் பச்சைத் திரையின் வீதம் 50 ஹெர்ட்சு மட்டுமே. சிமிட்டலை மறைக்க, மெதுவாக மங்கும் ஒளிர்பொருள் பூசப்பட்டது. எழுத்துகள் அசையாமல் நின்றன. ஆனால் வரிகள் நகர்ந்தால் பழைய எழுத்தின் நிழல் சற்றுத் தங்கும். கணக்கு எழுதுவோருக்கு அது பொருட்டன்று, விளையாடுவோருக்குப் பொருந்தாது. வண்ணத் திரைகளில் ஒளிர்பொருள் விரைவாக மங்கியதால், வீதத்தை உயர்த்துவதே வழியாயிற்று. நாள் முழுதும் திரை முன் அமர்ந்தோரின் கண்சோர்வைக் கருதி, சுவீடனின் தொழிற்சங்கக் கூட்டமைப்பான டிசிஓ, தனது 99 ஆம் ஆண்டுத் தரத்தில் குறைந்தது 85 ஹெர்ட்சு கோரியது.

திரவப் படிகத் திரையில் படப்புள்ளி அடுத்த படம் வரும்வரை நிறத்தைத் தக்கவைப்பதால் இச்சிமிட்டல் இல்லை. 60 ஹெர்ட்சு மீண்டும் வழக்கமானது. சிக்கல் வேறிடத்தில் முளைத்தது. 60 ஹெர்ட்சில் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. தொடக்ககாலத் திரைகளின் படிகங்கள் திரும்ப 25 மில்லிநொடியோ அதற்கு மேலோ எடுத்தன. நகரும் பொருளின் பின்னே வால் போல நிழல் இழுபட்டது. கூடுதல் மின்னழுத்தம் தந்து படிகத்தை விரைவுபடுத்தினர். இதை அளவுமீறிச் செய்தால் எதிர்நிற நிழல் தோன்றும். அளக்கும் முறையும் மாறியது: கருப்பிலிருந்து வெள்ளைக்குப் போய்த் திரும்புவதற்குப் பதிலாக, ஒரு சாம்பலிலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாறும் நேரம் கூறப்பட்டது. எந்தச் சாம்பல் என்பதைப் பெட்டி சொல்வதில்லை. எனவே இரு நிறுவனங்களின் "1 மில்லிநொடி" ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

2009 அளவில் முப்பரிமாணக் கண்ணாடிகளுக்காக, கண்ணுக்கு 60 வீதம், 120 ஹெர்ட்சு திரைகள் வந்தன. கண்ணாடி விரைவில் மறக்கப்பட்டது. விளையாட்டாளர்கள் திரையை விடவில்லை. காரணம், படம் அடுத்த புதுப்பிப்புவரை அப்படியே நிற்க, கண் பொருளைப் பின்தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருப்பதால் உருவம் மங்குகிறது. ஒரு மில்லிநொடிக்கும் குறைவாக மாறும் ஓஎல்இடி திரையிலும் 60 ஹெர்ட்சில் இம்மங்கல் தெரியும்.