எல்லன் டெரியின் மடல்களில் முன்னிலை

விக்டோரியா காலத்து ஆங்கில நாடகமேடையின் புகழ்மிக்க நடிகை எல்லன் டெரி (1847–1928). லண்டன் லைசியம் அரங்கில் ஹென்றி இர்விங்குடன் நடித்துவந்த அவர், 1892இல் பெர்னார்டு ஷாவுடன் மடல்வழித் தொடர்பு கொண்டார். இர்விங்கின் அரங்கைத் திறனாய்வில் கடுமையாகச் சாடியவர் ஷா என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. நேரில் பழகாமலேயே இருவரும் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டனர். டெரி மறைந்தபின், 1931இல், ஷாவின் முன்னுரையுடன் இம்மடல்கள் நூலாயின. டெரியின் மகன் கோர்டன் கிரேக் இதனை விரும்பவில்லை.

மொழிபெயர்ப்பாளருக்கு இம்மடல்கள் எழுப்பும் இடர் முன்னிலைப் பெயரில் உள்ளது. முறைசார்ந்த விளியில் தொடங்கிய உறவு பின்னர் அன்புவிளிக்கு நெகிழ்கிறது. ஆங்கில முன்னிலையோ மாறுவதில்லை. தமிழில் 'நீங்கள்', 'நீர்', 'நீ' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். விளி நெகிழும் மடலிலிருந்து 'நீ' எனலாம் என்பர் சிலர். அது பொருந்தாது. அன்பும் தொழில்சார் வாதமும் ஒரே மடலில் மாறிமாறி வருகின்றன; 'நீ' வந்துவிட்டால் வாதமும் காதற்பேச்சாகிவிடும். 'நீர்' இடைப்பட்டதே, எனினும் ஒரு பெண்ணை நோக்கி வருகையில் இன்று பழமை தட்டுகிறது. ஆகவே 'நீங்கள்' என்பதையே இறுதிவரை நிறுத்தி, நெருக்கத்தை விளிச்சொல்லிடம் விடுவதே தக்கது. மூலமும் அவ்வாறே செய்கிறது.