கௌலீகா: பாயின்ட்ஸ் டேபிள்ல இல்லாத பேர்கள்

இன்னைக்கு எபிசோட் ஒரு ஃபுட்பால் லீக் பத்தினது. பேரு கௌலீகா. 1933ல இருந்து 1945 வரை, அதாவது ஹிட்லர் ஆட்சி நடந்த காலம் முழுக்க, ஜெர்மனியின் முதல் டிவிஷன் கால்பந்து இதுதான். நெட்ல தேடினா பெரும்பாலான சீசன்களோட பாயின்ட்ஸ் டேபிள் கிடைக்கும். வெற்றி, டிரா, தோல்வி, கோல் கணக்கு, எல்லாமே சுத்தமா இருக்கும். நடுவுல ஒரு உலகப் போர் நடந்த மாதிரியே தெரியாது. இந்த டேபிளை எப்படி வாசிக்கணும்? அதுதான் இன்றைய கேள்வி.

முதல்ல, அதுக்கு முன்னாடி என்ன இருந்தது? 1963ல புந்தஸ்லீகா வரும்வரை ஜெர்மனிக்கு ஒரே தேசிய லீக் கிடையாது. ஏழு பிராந்தியச் சங்கங்கள் இருந்தன. ஒவ்வொண்ணுக்குள்ளயும் பல சின்ன லீக்குகள். அதில் மேலே வந்த டீம்கள் கடைசியில் நாக்-அவுட்டில் மோதி தேசிய சாம்பியனை முடிவு செய்யும். மொத்தமா எண்ணினா நூற்றுக்கணக்கான கிளப்கள் "முதல் டிவிஷன்"ல இருந்தன. கொஞ்சம் டீம், வலுவான டீம், வீரர்களுக்கு வெளிப்படையா சம்பளம்: இப்படி ஒரு மாற்றம் வேணும்னு 1932லயே பேச்சு ஓடிக்கிட்டு இருந்தது.

1933 ஜனவரி 30ஆம் தேதி ஹிட்லர் சான்சலர் ஆனார். சில மாதங்களில் பழைய அமைப்பைக் கலைத்துவிட்டு 16 கௌலீகாக்களை உருவாக்கினார்கள். "கௌ" என்பது மண்டலம் என்று பொருள்படும் பழைய ஜெர்மன் சொல். நாஜி கட்சி தன்னுடைய நிர்வாகப் பகுதிகளுக்கு வைத்த பெயரும் அதுதான். ஒரு லீக்கில் சுமார் 10 கிளப்கள். 16 சாம்பியன்களும் நாலு நாலா குரூப்ல ஆடுவாங்க, அப்புறம் அரையிறுதி, இறுதிப்போட்டி. சம்பளம் கொடுக்கும் யோசனையை மட்டும் தூக்கிப் போட்டுட்டாங்க.

என்னை மாதிரி கோட் எழுதுறவங்களுக்கு இது பார்க்க நல்ல ரீஃபேக்டரிங் மாதிரி தெரியும். ரொம்ப நாளா குழம்பிக் கிடந்த சிஸ்டம் ஒரே சீசன்ல சீராயிடுச்சு. கிளப்களும் ரசிகர்களும் கேட்டுக்கிட்டு இருந்த மாற்றத்துல பாதி கிடைச்சிடுச்சு. ஆனா அந்தப் பேக்கேஜ்ல வேற என்ன வந்தது?

தொழிலாளர் விளையாட்டு அமைப்புக்குத் தனியாக ஒரு தேசிய கால்பந்து சாம்பியன்ஷிப்பே இருந்தது. அந்த அமைப்பை 1933ல் தடை செய்தார்கள். அடுத்து யூதர்கள். இங்கேதான் தேதியை கவனிக்கணும். 1933 ஏப்ரல் 9 அன்று தெற்கு ஜெர்மனியின் 14 பெரிய கிளப்கள் ஸ்டட்கார்ட்டில் ஒரு அறிக்கையில் கையெழுத்துப் போட்டன. பேயர்ன் மியூனிக், 1860 மியூனிக், நியூரம்பெர்க், ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட், கார்ல்ஸ்ரூஹே எஃப்.வி. எல்லாம் அதுல உண்டு. புதிய அரசோடு ஒத்துழைக்கிறோம், குறிப்பாக யூதர்களைக் கிளப்களில் இருந்து அகற்றும் விஷயத்தில் ஒத்துழைக்கிறோம் என்பதுதான் அதன் சாரம்.

விளையாட்டு கிளப்களில் யூதர்கள் இருக்கக் கூடாதுன்னு சொல்ற சட்டம் அப்போ எதுவும் இல்ல. ஹிட்லர் பதவிக்கு வந்து பத்து வாரம்தான் ஆகுது. பத்து நாள் கழிச்சு ஜெர்மன் கால்பந்து சங்கமே யூதர்களும் மார்க்சியவாதிகளும் பொறுப்புகளில் இருக்கக் கூடாது என்று அறிவித்தது. கையெழுத்துப் போட்ட எல்லாரும் தீவிர நாஜிகளா? அப்படி நினைக்கத் தேவையில்லை. எப்படியும் இதுதான் வரப்போகுது, நாம முதல்ல செஞ்சிட்டா நம்ம கிளப்புக்கு நல்லதுன்னு கணக்குப் போட்டவங்களும் இருந்திருப்பாங்க.

அந்தக் கணக்குல விழுந்தவர்களில் ஒருவர் யூலியஸ் ஹிர்ஷ். கார்ல்ஸ்ரூஹே எஃப்.வி. 1910ல் தேசிய சாம்பியன் ஆனபோது அந்த டீமில் ஆடியவர். ஜெர்மனிக்காக 7 மேட்ச் ஆடினார். 1912ல் நெதர்லாந்துக்கு எதிராக ஒரே மேட்சில் 4 கோல் அடித்தார். முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் இருந்தார், அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர் அந்தப் போரிலேயே இறந்தார். ஏப்ரல் 10 அன்று பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்தார். தான் 1902 முதல் உறுப்பினராக இருந்த கிளப்பின் பெயர் பட்டியலில் இருந்தது. கிளப் வெளியே அனுப்பும்வரை அவர் காத்திருக்கவில்லை. இந்த நாட்டுக்காக ரத்தம் சிந்திய யூதர்களும் இருக்கிறார்கள் என்பதை நினைவூட்டி, தானே விலகல் கடிதம் எழுதினார்.

சில மாதங்களில் கௌலீகா பாடனின் முதல் சீசன் ஆரம்பித்தது. கார்ல்ஸ்ரூஹே எஃப்.வி.க்கு அதுல இடம் கிடைச்சது.

ஷால்கே 04 கதையும் இதோட சேர்ந்ததுதான். இந்தக் காலத்தின் மிகப் பெரிய டீம் அது. வெஸ்ட்ஃபாலன் கௌலீகாவில் 1934 முதல் 1944 வரை 11 சீசனும் அவர்கள்தான் முதலிடம். 6 முறை தேசிய சாம்பியன். 1939 இறுதிப்போட்டியில் வியன்னாவின் அட்மிராவை 9-0 என்று அடித்தார்கள். அந்த டீமின் நட்சத்திரம் ஃபிரிட்ஸ் ஸெபான். 1938ல் அவர் ஒரு ஜவுளிக் கடையை வாங்கினார். யூத உரிமையாளர்கள் விற்க நிர்ப்பந்திக்கப்பட்ட கடை அது. அவர்கள் பின்னர் ரீகாவுக்கு நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர் அடிச்ச கோல் எல்லாம் ரெக்கார்டுல இருக்கு. அந்தக் கடையோட கதைக்கு அதுல காலம் கிடையாது.

அடுத்து மேப். 16ல் ஆரம்பித்த லீக் நாஜி ராணுவம் போகிற இடத்துக்கெல்லாம் போனது. 1938ல் ஆஸ்திரியா இணைக்கப்பட்டதும் அங்கே ஒரு கௌலீகா. 1925ல் ஆஸ்திரிய சாம்பியனாக இருந்த யூத கிளப் ஹகோவா வியன்னாவை மூடி, அது ஆடிய மேட்சுகளின் முடிவுகளையும் ரத்து செய்தார்கள். அதாவது டேபிள்ல இருந்தே டெலீட். 1940க்குப் பிறகு பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க், மெட்ஸ் கிளப்கள் ஜெர்மன் பெயர்களோடு உள்ளே வந்தன. ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் ஜெர்மானியர்களுக்கு மட்டும்தான் லீக். போலந்துக்காரர்கள் வார்சாவிலும் கிராகோவிலும் ரகசியமா ஆடினாங்க.

1941 ஜூன் 22ஆம் தேதி ஹிட்லரின் படை சோவியத் யூனியனுக்குள் நுழைந்தது. அன்னைக்கே பெர்லின்ல இறுதிப்போட்டி. 0-3 என்று பின்தங்கியிருந்த ரேபிட் வியன்னா 4-3 என்று ஷால்கேவை வென்றது. 1943 மார்ச் 1 அன்று ஹிர்ஷை கார்ல்ஸ்ரூஹேவில் இருந்து ஆஷ்விட்ஸ் ரயிலில் ஏற்றினார்கள். வழியில் டார்ட்மண்டில் இருந்து மகளுக்கு ஒரு போஸ்ட்கார்டு அனுப்பினார். அதுக்கப்புறம் அவரிடமிருந்து தகவல் எதுவும் இல்லை. அந்த வருஷமும் சாம்பியன்ஷிப் நடந்தது, டிரெஸ்ட்னர் எஸ்.சி. ஜெயித்தது. 1944 ஜூன் 18, நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கி 12 நாள் ஆகியிருந்தது. அன்னைக்கும் பெர்லின்ல ஃபைனல். இந்த முறை டிரெஸ்ட்னரிடம் 4-0 என்று தோற்றது ஹாம்பர்க்கின் விமானப்படை டீம். மியூனிக்கில் கடைசி மேட்ச் 1945 ஏப்ரல் 23. பேயர்ன் 3, 1860 மியூனிக் 2. ஒரு வாரத்தில் அமெரிக்கப் படை நகரத்துக்குள் வந்துவிட்டது.

போர் முடிஞ்சதும் எல்லாம் சரியாயிடுச்சா? ஹிர்ஷோடு ஆடிய இன்னொரு யூத வீரர் காட்ஃப்ரீட் ஃபுக்ஸ். 1912 ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கு எதிராக ஒரே மேட்சில் 10 கோல் அடித்தவர். ஜெர்மன் தேசிய வீரர்கள் பற்றி 1939ல் வெளியான கிக்கர் பத்திரிகையின் ஆல்பத்தில் இவங்க ரெண்டு பேரும் இல்ல. ஃபுக்ஸ் தப்பித்து கனடாவில் குடியேறினார். 1972ல் மியூனிக் ஒலிம்பிக் ஸ்டேடியத் திறப்பு மேட்சுக்கு அவரை அழைக்கலாம் என்று முன்னாள் கோச் செப் ஹெர்பெர்கர் யோசனை சொன்னார். கால்பந்து சங்கம் மறுத்துவிட்டது. இப்படி ஒருவரை அழைத்தால் அது முன்னுதாரணம் ஆகிவிடுமாம். அந்த மேட்ச் நடப்பதற்கு முன்பே ஃபுக்ஸ் இறந்துவிட்டார்.

2005ல்தான் அதே சங்கம் யூலியஸ் ஹிர்ஷ் பெயரில் ஒரு விருதைத் தொடங்கியது. இனவெறிக்கு எதிராக வேலை செய்பவர்களுக்கு வருஷா வருஷம் அதைக் கொடுக்கிறார்கள்.

கௌலீகா டேபிள்ல இருக்கிற எண்கள் பொய் இல்லை. ஷால்கே நிஜமாவே 9 கோல் அடிச்சது. ஆனா அடுத்த முறை அந்தப் பக்கத்தைத் திறந்தா, யார் ஜெயிச்சாங்கன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, யாருக்கு ஆட அனுமதி இருந்ததுன்னு பாருங்க. அதோட 1933 ஏப்ரல் 9ங்கிற தேதியையும் ஞாபகம் வச்சுக்கோங்க. உத்தரவு வர்றதுக்கு முன்னாடியே பதினாலு கிளப் பேனாவை எடுத்த நாள் அது.