கவிஞர் கையில் இரவல் கேமரா

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பம் டார்ஜிலிங் போகாமல் ஊர் திரும்பாது. போனால் கஞ்சன்ஜங்காவைப் படம் எடுக்காமல் வராது. எங்கள் வீட்டிலும் நாலைந்து படம் இருக்கிறது. எல்லாமே கடையில் விற்கும் வாழ்த்து அட்டை மாதிரிதான்!

1968 நவம்பரில் அதே மலையைப் படம் எடுத்தவர் தாமஸ் மெர்ட்டன். அமெரிக்கக் கவிஞர், கத்தோலிக்கத் துறவி. டார்ஜிலிங் பக்கம் மிம் தேயிலைத் தோட்டத்தில் தங்கியிருந்தார். அவருக்கும் இதே அலுப்பு வந்தது. பிறகு கனவில் மலையின் மறுபக்கத்தைக் கண்டதாக நாட்குறிப்பில் எழுதினார். எந்த மலைக்கும் கேமராவில் சிக்காத ஒரு பக்கம் உண்டு, பார்க்கத் தகுந்தது அதுதான் என்று அவருக்குப் பட்டது.

சும்மா வந்த ஞானம் இல்லை அது. மெர்ட்டன் 1915-ல் பிரான்சில் பிறந்தவர். அப்பா ஓவியர். 1941 டிசம்பர் 10 அன்று கென்டக்கி மாநிலத்தில் கெத்செமனி மடத்தில் சேர்ந்தார். 1944-ல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. கேமராவில் தீவிரமாக இறங்கியது 1960களில்தான். 1968-ல் அவர் கையில் இருந்ததுகூட நண்பரும் எழுத்தாளருமான ஜான் ஹோவர்ட் கிரிஃபின் இரவல் கொடுத்த கேனன் கேமரா.

எதை எடுத்தார் என்கிறீர்களா? மடத்தைச் சுற்றியிருந்த கிராமப்புறத்தை. வெயிலிலும் மழையிலும் வெளுத்த கொட்டகைப் பலகை, மர வேர், வேலி, நாற்காலி. அதே மாநிலத்தில் ப்ளெசன்ட் ஹில் என்ற இடத்தில் ஷேக்கர் சமயக் குழுவினர் 1805-ல் குடியேறினார்கள். திருமணம் செய்துகொள்ளாதவர்கள். 1910-ல் அந்தக் குடியிருப்பு முடிவுக்கு வந்தது. மனிதர்கள் போய், கட்டிடங்கள் மிஞ்சின. அவற்றையும் படம் எடுத்தார்.

பாழடைந்ததைக் காட்டிப் பரிதாபம் தேடவில்லை. பழமை என்று அலங்கரிக்கவும் இல்லை. பலகை பலகையாகவே இருக்கட்டும் என்று விட்டார். ஃபிலிமைக் கழுவிக் கொடுத்த கிரிஃபினும் அவர் மகனும் சாதாரணம் என்று ஒதுக்கும் படத்தையே மெர்ட்டன் பெரிதாக்கச் சொல்வாராம்.

டார்ஜிலிங்கிலிருந்து சென்னை, மகாபலிபுரம் வழியாக இலங்கை போனார். பொலன்னறுவை கல் விகாரையில் ஈரப் புல்லில் வெறுங்காலோடு நடந்து புத்தர் சிலைகளைப் பார்த்தார், படமும் எடுத்தார். சில நாட்களில், டிசம்பர் 10-ல், பாங்காக்கில் இறந்தார். மடத்தில் சேர்ந்து சரியாக 27 வருடம்!

வங்கியில் வீட்டுக் கடன் கோப்புகளில் தினமும் வீட்டுப் படம் பார்க்கிறவன் நான். முகப்பு, நாலு எல்லை, அடியில் ஒரு தொகை. மதிப்புப் போட அது போதும். ஆனால் நம் குடும்ப ஆல்பங்களிலும் ஊர் வீடு என்பது முகப்புதான், அதன் முன்னால் வரிசையாக நாம்!

எங்கள் பூர்வீக வீட்டை விற்பதென்று அண்ணன் தம்பிகள் பேசி முடித்தாகிவிட்டது. கிரயம் ஆவதற்குள் ஒரு தடவை போகிறேன். அப்பா சாய்ந்து சாய்ந்து தேய்ந்த திண்ணைத் தூண், அம்மா அரைத்துப் பள்ளமான அம்மி, உத்தரத்தில் ஊஞ்சல் வளையம், நூறு தடவை எண்ணெய் போட்டும் கிறீச்சிடும் கொல்லைக் கதவு. ஆள் யாரும் குறுக்கே நிற்காமல் எடுக்க வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த என் பிள்ளைகளிடம் கொடுக்க அவைதான் இருக்கும்.

உங்கள் ஊர் வீடு இன்னும் நிற்கிறதா? அடுத்த லீவுக்குப் போகும்போது உள்ளேயும் நாலு படம் எடுங்கள்.