சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும்: போக்கிமான் சித்திரங்களின் வரலாறு

நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் பவணந்தியார் நன்னூலில் வகுத்துள்ளார். குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல். அழகுகளில் முதலாவது சுருங்கச் சொல்லல். இரண்டிலும் சொல் குறைவுதான். ஆயினும் ஒன்று அழகாயிற்று, மற்றொன்று குற்றமாயிற்று. பொருள் நிறைந்திருக்கச் சொல் குறைவது அழகு. சொல்லோடு பொருளும் குறைந்துபோவது குற்றம்.

இவ்வேறுபாட்டை விளக்க வகுப்பில் எத்தனையோ எடுத்துக்காட்டுகளைக் கூறியதுண்டு. மாணவர்களுக்கு எளிதில் விளங்கியது போக்கிமான் எடுத்துக்காட்டுதான். கையடக்கக் கருவிகளில் முப்பதாண்டுகளாகத் தொடர்ந்து வரும் ஜப்பானிய விளையாட்டு வரிசை அது. 2000களில் தொலைக்காட்சி வழியாக நம் பிள்ளைகளுக்கும் அறிமுகமானது. 'படம் மோசம்' என்று அதன் மீது ரசிகர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறைக்கும் ஒரு வரலாறு உண்டு. இலக்கியப் பக்கத்தில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். பேச்சு விளையாட்டைப் பற்றியது. விசாரணை விமரிசனத்தைப் பற்றியது.

கட்டத்துக்குள் ஓர் உயிர்

1989இல் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட கேம் பாய் கருவியை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். பழகித் தேய்ந்த, விலை மலிந்த தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்துவதே அவரது கொள்கை. அதன் திரையில் அகலத்துக்கு 160, உயரத்துக்கு 144 படப்புள்ளிகள். வண்ணம் கிடையாது, பச்சை சாயலில் நான்கு நிறச்செறிவுகள் மட்டுமே.

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளிவந்த 'ரெட்', 'கிரீன்' என்னும் முதல் இரு விளையாட்டுகள் இத்திரைக்காகவே செய்யப்பட்டவை. அவற்றுள் 151 உயிரினங்கள் இருந்தன. போர்க்காட்சியில் எதிரே நிற்கும் உயிரினத்தின் உருவம் 56க்கு 56 கட்டங்களைத் தாண்டக் கூடாது. நம் பக்கத்து உயிரினத்தின் முதுகுப்புற உருவம் அதனினும் சிறியது. அதைச் சிறிதாக வரைந்து இருமடங்காக இழுத்துக் காட்டினார்கள்.

ஆரணிக்காரர்களுக்கு இது புதிய செய்தியன்று. பட்டுச் சேலையின் முந்தியில் அமையும் மயிலும் மாங்காயும் அன்னமும் முதலில் கட்டம் போட்ட தாளில்தான் பிறக்கின்றன. ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓரிடம். அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டையில் துளையிடுவார்கள். தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் அந்த அட்டை ஏறும். துளை உள்ள இடத்தில் கொக்கி பாவு இழையைத் தூக்கும். அதனூடே சரிகை ஓடும். இப்போது கணினியில் வரைந்தாலும் கட்டம் கட்டமே. தறியில் வளைகோடு என்று ஒன்று கிடையாது. படிப்படியாக ஏறி இறங்கும் கட்டங்களைக் கண்தான் மயிலின் கழுத்தாக வளைத்துக்கொள்கிறது. எந்தக் கட்டத்தை நிரப்புவது, எதை வெறுமையாக விடுவது என்று தெரிந்தவரே நல்ல வரைவாளர்.

1996இன் விளையாட்டுச் சித்திரங்கள் இவ்வகையில் சுருங்கச் சொல்லல். ஆனால் எல்லாம் அப்படி அமையவில்லை. முதற்பதிப்பின் உருவங்கள் பல கோணலாகவே இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் அஞ்சல் வழியே விற்கப்பட்ட 'புளூ' பதிப்புக்கு அவற்றைத் திருத்தி வரைந்தார்கள். 1998இல் அமெரிக்கா சென்ற பதிப்புகளிலும் திருத்திய உருவங்களே இடம்பெற்றன. ஆகவே 'படம் இன்னும் நன்றாக இருக்கலாம்' என்ற எண்ணம் இவ்வரிசையின் பிறந்த ஆண்டிலேயே, அதுவும் படைத்தவர்களிடமே இருந்தது.

விமரிசகர்களாகத் தொடங்கியவர்கள்

அது இயல்பே. இவற்றை உருவாக்கிய கேம் ஃப்ரீக் நிறுவனம் தொடக்கத்தில் ஒரு ரசிகர் இதழ். 1983இல் சதோஷி தஜிரி என்னும் இளைஞர் விளையாட்டுக் கூடங்களில் கண்ட விளையாட்டுகளைப் பற்றிக் கையால் எழுதிப் படியெடுத்து விற்ற சிற்றிதழ் அது. அதைக் கண்டு வந்து சேர்ந்து படம் வரைந்தவர் கென் சுகிமோரி. பின்னாளில் போக்கிமான் உயிரினங்களுக்கு உருவம் தந்தவரும் அவரே. பிறர் செய்தவற்றில் குறை கண்டவர்கள் 'நாமே செய்து பார்ப்போம்' என்று 1989இல் நிறுவனமானார்கள். நம் சிற்றிதழ் மரபை அறிந்தவர்களுக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது.

1999இல் வந்த 'கோல்ட்', 'சில்வர்' வண்ணம் பெற்றன. அப்போது எச்ஏஎல் நிறுவனத்தின் தலைவராயிருந்த சதோரு இவாதா, படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் கருவிநிரலை எழுதி உதவினார். 2000இல் வந்த 'கிறிஸ்டல்' பதிப்பில் உருவங்கள் அசைந்தன. 2002இல் 'ரூபி', 'சஃபையர்' வந்தபோது கருவி மேம்பட்டிருந்தும் அந்த அசைவு காணாமற்போயிற்று. 2004இல் 'எமரால்ட்' பதிப்பில் மீண்டது. ஒருமுறை தந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வதை ரசிகர் எளிதில் மறப்பதில்லை.

தடை நீங்கியபின்

2013 அக்டோபரில் வந்த 'எக்ஸ்', 'ஒய்' முப்பரிமாண உருவங்களுக்கு மாறின. எழுநூற்றுக்கும் மேற்பட்ட உயிரினங்களையும் புதிதாக வடிக்க வேண்டியிருந்தது. பெரும்பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் கருவியின் முப்பரிமாணக் காட்சியை இயக்கினால் போர்க்காட்சி தடுமாறியது.

பெரும் பிணக்கு 2019இல் மூண்டது. 'சுவோர்ட்', 'ஷீல்ட்' என்னும் விளையாட்டுகள் ஸ்விட்ச் கருவிக்காக அறிவிக்கப்பட்டன. எல்லா உயிரினங்களும் இவற்றில் இடம்பெறா என்று அவ்வாண்டு ஜூனில் தயாரிப்பாளர் ஜூனிச்சி மசூதா தெரிவித்தார். உருவங்களின் தரம், அசைவின் நயம், ஆட்டத்தின் சமநிலை ஆகியவற்றை அவர் காரணங்களாகக் கூறினார். ரசிகர்கள் உடனே சான்று தேடப் புகுந்தார்கள். முன்னோட்டக் காட்சியில் தெரிந்த ஒரு மரத்தை, 1998இல் வந்த செல்டா விளையாட்டு ஒன்றின் மரத்துக்கு அருகில் வைத்துக் காட்டினார்கள். உயிரினங்களின் பழைய உருவத்தையும் புதியதையும் இணையாக நிறுத்தி, வேறுபாடு எங்கே என்று கேட்டார்கள். இதே ஸ்விட்ச் கருவியில் 2017இலேயே 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' விரிந்த நிலவெளியைக் காட்டியிருந்ததால், கருவியைக் குறை சொல்ல வழியில்லை.

பாடவேறுபாடு நோக்கும் பதிப்பாசிரியரின் முறைதான் இது. ஏடுகளை அருகருகே வைத்து ஒப்பிடுகிறார்கள். ஒரு மரத்தைக் கொண்டு முழு விளையாட்டையும் தீர்ப்பிட்டது மிகைதான். ஆனால் 'தரத்துக்காக எண்ணிக்கையைக் குறைத்தோம்' என்று சொன்னவரிடம் தரத்தைக் காட்டுங்கள் எனக் கேட்டது முறையே.

2022 நவம்பரில் 'ஸ்கார்லெட்', 'வயலட்' வந்தன. தொலைவில் நடப்பவர்கள் விட்டுவிட்டு அசைந்தார்கள்; காற்றாலை வெட்டி வெட்டிச் சுழன்றது; சிலர் தரைக்குள் புதைந்தார்கள். முதல் மூன்று நாட்களில் உலகெங்கும் ஒரு கோடிப் படிகள் விற்றன. அடுத்த மாதமே, திருத்தப் பதிப்பின் குறிப்பில், நேர்ந்த இடர்ப்பாட்டுக்கு நிண்டெண்டோ வருத்தம் தெரிவித்தது. 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 கருவி வந்தபோது இவ்விரண்டும் அதில் சீராக ஓடும்படி இலவசமாகச் செம்மையாக்கப்பட்டன. எனினும் அவ்வாண்டு அக்டோபரில் வந்த 'லெஜண்ட்ஸ்: இசட்-ஏ' விளையாட்டில், கட்டடங்களின் மாடமுகப்புகள் சுவரில் ஒட்டிய படம் போலத் தட்டையாக இருப்பதாக மீண்டும் குறை எழுந்தது.

யார் குற்றம்?

வரைபவர்களின் திறமைக் குறைவு இதற்குக் காரணமென நான் கருதவில்லை. முதல் விளையாட்டுக்கு ஆறாண்டுகள் செலவாயின. 2016 முதல் 2019 வரை ஆண்டுக்கொரு வெளியீடு. 2022இல் மட்டும் ஜனவரியில் ஒன்று, நவம்பரில் மற்றொன்று. புதிய உயிரினங்கள் வரும் நாளையொட்டித் தொலைக்காட்சித் தொடர், சீட்டுக்கட்டு, பொம்மை என எல்லாம் அணிவகுத்து நிற்கின்றன. நாள் தள்ளினால் எல்லாம் தள்ளும். எனவே நாள் நிற்கிறது, வேலை குறைகிறது.

முகூர்த்த மாதத்துக்குள் சேலை வந்தாக வேண்டும் என்னும் நெருக்கடியில் கோர்வை சரியாக அமையாவிட்டால், சேலையை விரித்துப் பார்ப்பவர் நெசவாளரைத்தான் ஏசுவார்; கெடு வைத்தவர் பெயர் சேலையில் இருப்பதில்லை. விளையாட்டு ரசிகர்களில் சிலரும் இப்படியே, வரைந்த பணியாளர்கள் மீது வசையைப் பொழிந்தார்கள். அது விமரிசனமாகாது. குற்றத்தைப் பெயரிட்டுச் சொல்வதே நன்னூலார் காட்டும் நெறி. பத்துக் குற்றங்களும் நூலின் குற்றங்கள், ஆளைப் பற்றிய வசைகள் அல்ல.

மறுபுறம், 'ஒரு கோடி விற்றதே, பின் என்ன குறை?' என்பாரும் உளர். விற்பனை அன்பின் அளவு. அன்பு தரத்துக்குச் சான்றாகாது. குறை சொன்னவர்களிலும் வாங்கியவர்கள் உண்டு. 56 கட்டங்களுக்குள் உயிரைக் கண்டு பழகிய கண்கள் அவை. அக்கண்கள் மிகுதியான படப்புள்ளிகளை மட்டும் கேட்கவில்லை. கட்டம் குறைவாயிருந்த நாளில் ஒவ்வொரு கட்டத்தின் மீதும் வைத்த கவனத்தை, கட்டம் பெருகிய நாளிலும் கேட்கின்றன. அக்கவனத்துக்கு வேண்டியது காலம். அதைத் தர வேண்டியவர்கள் வரைபவர்கள் அல்லர், நாள் குறிப்பவர்கள்.