கன்னி ஏலமும் மகர ஏலமும்: போடி மலைச்சரிவில் எரிபொருள் மாறிய வரலாறு

எரிபொருள் மாற்றத்தைப் பற்றி எழுதுகிற எவரும் ஜெரால்டு லீச்சைக் கடந்துதான் போக வேண்டும். 1992-இல் ‘எனர்ஜி பாலிசி’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, விறகும் சாணமும் போய் மண்ணெண்ணெயும் காஸும் மின்சாரமும் வருவது வளரும் நாடுகள் எங்கும் நடக்கிற ஒன்று என்றது. ஊர் எவ்வளவு பெரியது, அந்த ஊருக்குள் குடும்பத்தின் வருமானம் எவ்வளவு என்பவைதான் மாற்றத்தை நடத்துகின்றன. புது எரிபொருள் கைக்கு எட்டாததும் அதற்கான அடுப்பின் விலையும்தான் பெரிய தடைகள். எரிபொருள்களின் விலை ஏற்றத்தாழ்வுக்கு அடுத்த இடம்தான். அவர் வாதத்தின் சாரம் இது. ‘ஆற்றல் ஏணி’ என்ற உருவகம் லீச் ஒருவருக்கே உரியது அன்று. ஆனால் ஏணியின் அடிப்படி விறகு, நடுப்படி மண்ணெண்ணெய், மேற்படி மின்சாரம் என்று இன்று நாம் பழக்கத்தில் சொல்லிவிடுகிற வரிசைக்கு அவர் கட்டுரை கொடுத்த பலம் பெரிது.

லீச் பேசியது வீட்டு அடுப்பைப் பற்றி. அந்த எல்லைக்குள் அவர் சொன்னது பெரும்பாலும் சரி. போடிநாயக்கனூர்ச் சமையலறைகளில் விறகு குறைந்து காஸ் வந்த கதையை அவர் சொன்ன காரணங்களைக் கொண்டே விளக்கிவிடலாம். என் மறுப்பு, அந்த ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு போடிமெட்டு ஏறுகிறவர்களிடம். மலையில் மிகுதியாக எரிபொருள் தின்பது வீட்டு அடுப்பு அன்று, ஏலக்காய் ஸ்டோர். ஸ்டோரின் வரலாற்றை ஏணியாகப் படித்தால் அடிப்படியும் தவறும், ஏறிய காரணமும் தவறும்.

ஸ்டோர் என்பது இங்கே காய் உலர்த்தும் கட்டடம். வெளிப்புறம் அடுப்பு வாய். உள்ளே தரையை ஒட்டிச் சுற்றிவரும் இரும்புக் குழாய்களில் சூடான புகை ஓடிப் புகைபோக்கி வழியாக வெளியேறும். புகை காயைத் தொடுவதில்லை, குழாயின் சூடு மட்டுமே தொடும். குழாய்களுக்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள். பறித்து வந்த பச்சைக் காயைக் கழுவி, பல இடங்களில் சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் நனைத்து, தட்டில் பரப்பிக் கதவைச் சாத்துவார்கள். முதலில் அறை முழுக்க நீராவி. அதை மேற்சன்னல் வழியாக வெளியேற்ற வேண்டும். பிறகு 45 முதல் 55 டிகிரிச் சூட்டில் ஒரு பகலும் ஓர் இரவும், சில சமயம் அதற்கு மேலும். இரவில் அடுப்பைப் பார்க்கிற ஆள் ஒரு கைப்பிடி காயை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்ப்பார். உள்ளே அரிசி தனித்து ஆடுகிற சத்தம் கேட்டால்தான் காய் இறங்கும். சூட்டோடு சூடாகத் தேய்த்துக் காம்பையும் பூமுனையையும் நீக்குவார்கள். ஐந்து கிலோ பச்சைக் காய்க்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ உலர் காய்.

இந்த வேலை முழுவதும் இருட்டில் நடக்கிறது. என் வாதம் தொடங்கும் இடம் அதுதான். வெயில் பட்டால் காயின் பச்சையம் சிதைந்து வெளுத்துவிடும். இன்று போடி ஏலத்தில் வியாபாரி பார்ப்பது நிறத்தையும் பருமனையும் லிட்டர் எடையையும்தான். பச்சை குறைந்தால் விலை குறையும். ஆனால் பச்சைக்கு இந்த மதிப்பு எல்லாக் காலத்திலும் இருந்துவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் தார்வாட் பக்கத்து ஹாவேரியில் ஏலக்காயைப் பூந்திக்கொட்டை நீரில் கழுவி வெளுப்பது தனித் தொழிலாகவே நடந்தது. வெளுத்த காய்க்கு அன்று கிராக்கி இருந்தது. வெளுப்பு குறை இல்லை என்றால் வெயிலும் எதிரி இல்லை. பாயும் முற்றமும் போதும். ஆகவே இந்த மலையில் ஏணியின் அடிப்படி விறகு அன்று, சூரியன். லீச்சின் வரிசையில் அந்தப் படி இல்லை.

இதற்குச் சான்றாக நான் முன்வைப்பது இரண்டு சொற்களை. இந்த மலைத் தோட்டங்களில் பெரும்பாலானவை அடங்கியிருந்த திருவிதாங்கூரின் பதிவுகளில் ‘கன்னி ஏலம்’, ‘மகர ஏலம்’ என்று இரு பெயர்கள் வருகின்றன. காய் முற்றும் மாதத்தைக் கொண்டு வந்தவை. பிறகு அவை விளையும் நிலப்பகுதிகளுக்கும் பெயர் ஆயின. மலையாளக் கன்னி நமக்குப் புரட்டாசி, மகரம் நமக்குத் தை. இவ்விரு பெயர்களை இதுவரை தாவர வகையின் பெயர்களாக அல்லது வருவாய்ப் பிரிவின் பெயர்களாக மட்டுமே படித்து வந்திருக்கிறோம். நான் அவற்றை உலர்த்தும் முறையின் பெயர்களாகவும் படிக்கிறேன். புரட்டாசியில் மலை நனைந்துகிடக்கும். அப்போது இறங்குகிற காயை வெயிலை நம்பி முற்றத்தில் போட்டால் பூசணம்தான் மிஞ்சும். தையில் மழை ஓய்ந்து, வானம் திறந்து, கிழக்குச் சரிவில் நாள் முழுக்க வெயில் விழும். கன்னிக் காய் தீயைக் கேட்கிற காய். மகரக் காய் வெயிலுக்குக் கட்டுப்படுகிற காய். மாதத்தைச் சொன்னாலே எதனால் உலர்ந்த சரக்கு என்று வாங்குகிறவருக்கு ஓரளவு விளங்கியிருக்கும்.

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். மாதப் பெயர் விளைச்சலைச் சொல்கிறதே தவிர உலர்த்தலைச் சொல்லவில்லை. உயரமும் மழையளவும் வேறுபட்டால் மகசூல் மாதமும் வேறுபடும், அவ்வளவுதான் என்று சொல்லலாம். அப்படிச் சொல்கிறவர், மழைமாதக் காய் எப்படி உலர்ந்தது என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். அறுவடை நாளையும் உலர்த்தும் முறையையும் பிரித்துப் பார்க்க ஏலக்காய் இடம் தருவதில்லை. பறித்த காய் ஒரு நாளுக்கு மேல் ஈரத்தில் கிடந்தால் நிறம் போய்விடும். நெல்லைப் போலக் கட்டிவைத்துக் காத்திருக்க முடியாது.

தரப் பெயர்களும் இதே பக்கம்தான் சாய்கின்றன. 1962-இன் அக்மார்க் ஏலக்காய் விதிகளில் ‘அலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு’ தரத்துக்கு நிறம் பச்சை. ‘கூர்க் கிரீன்’ தரத்துக்குப் பொன்னிறம் முதல் வெளிர்பச்சை வரை ஏற்பு. கந்தகப் புகையில் வெளுத்த காய்க்குத் தனிப் பிரிவு. ஒரே விதித்தொகுப்பு, மூன்று நிறங்கள். கூர்க்கின் பொன்னிறத்துக்கு அங்கே பயிராகும் மலபார் வகையும் காரணமாக இருக்கலாம். வெயிலை மட்டும் காரணம் காட்டிவிட நான் துணியவில்லை. ஆனால் அலப்பிப் பச்சை தனித் தரமாகி விட்டது என்றால், இருட்டறையும் குழாய்ச் சூடும் அதற்கு முன்பே மலையில் வேரூன்றிவிட்டன என்று கொள்வதில் தவறில்லை.

எப்போது வேரூன்றின? கீழெல்லையாக நான் வைப்பது 1896. அதுவரை திருவிதாங்கூர் சர்க்கார் ஏலக்காயைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. குடியானவர் காயைச் சர்க்காரிடம் ஒப்படைக்க, ஆலப்புழையில் விற்பனை. தரப் பெயரில் அந்த ஊர் ஒட்டிக்கொண்டதும் அதனால்தான். ஏகபோகம் போய் நிலவரி வந்த பிறகே காய்க்குக் கிடைக்கும் விலை முழுவதும் தோட்டக்காரர் கைக்கு வந்தது. நிறத்துக்காகச் சுவர் எழுப்பிக் குழாய் போடும் செலவை அதற்குப் பிறகுதான் ஒருவர் துணிந்திருப்பார். மேலெல்லை 1962. இடையில் 66 ஆண்டுகள். இந்த இடைவெளியை ஓர் ஆண்டாகச் சுருக்கிக் காட்டும் சான்று என் கையில் இல்லை, சுருக்கவும் போவதில்லை.

இனி அந்த ஏணியோடு எனக்குள்ள இரண்டாவது பிணக்கு. விறகு ஸ்டோரைத் தொடர்ந்து மண்ணெண்ணெய், டீசல், எல்.பி.ஜி., மின்சாரம் ஆகியவற்றால் இயங்கும் உலர்த்திகள் வந்தன. இவற்றை வாங்கியவர்கள் ஏழைமையிலிருந்து படியேறியவர்கள் அல்லர். ஏலத்தோட்டக்காரர்களுக்கு உலர்த்தி வாங்கும் வசதி முன்பே இருந்தது. போடியிலிருந்து சிலிண்டர் ஜீப்பில் ஏறிவிடும். தடை இல்லாத இடத்திலும் விறகு நின்றுவிடவில்லை. விறகு அடுப்பு சூட்டைத் தருகிற அதே உலர்த்தியில் காற்றைத் தள்ளுவதற்கு மின்விசிறி ஓடுகிறது. எந்தப் படியில் நிற்கிறது அது? மெக்சிகோ கிராமங்களைப் பார்த்த மசேராவும் கூட்டாளிகளும் 2000-இல், குடும்பங்கள் எரிபொருளை மாற்றுவதில்லை, அடுக்கிக்கொள்கின்றன என்று எழுதினார்கள். ஸ்டோருக்கு அந்த விளக்கம் இன்னும் நெருக்கமானது. ஆனால் ஏன் அடுக்கினார்கள் என்பதற்கு இங்கே விடை வேறு. காஸ், மின் உலர்த்திகள் கொண்டுவந்தது சூட்டை அன்று, சூட்டின் சமநிலையை. விறகு ஒரு கட்டை கூடினால் அறை கொதிக்கும், காய் வெடித்துப் பழுப்பேறும். அடுப்பாள் கண் அயர்ந்தால் சூடு தணிந்து நிறம் மங்கும். சூட்டைத் தானே அளந்து நிறுத்துகிற கருவி இரண்டையும் தடுத்தது. புதைபடிவ எரிபொருள் மலையேறியதற்கு நிறமே காரணம். வருமானமோ ஊரின் பருமனோ அல்ல. எரிபொருளின் விலை முதல் காரணம் இல்லை என்ற ஒன்றில் மட்டும் லீச்சும் நானும் உடன்படுகிறோம்.

விறகைப் ‘புதுப்பிக்கத்தக்கது’ என்று கணக்கில் எழுதிவிடுகிறவர்கள் இந்த மலையில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். அதன் காய்க்கு விறகு வேண்டும். பலாவும் சந்தன வேம்பும் நிழலும் தரும், விறகும் ஆகும். ஸ்டோர் எரிக்கிற ஒவ்வொரு கட்டையும், வெளியிலிருந்து வாங்கியது இல்லையென்றால், அடுத்த ஆண்டு விளைச்சலின் கூரையிலிருந்து உருவியது. 1897-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி ஏலமலைக் காப்புக்காடு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. முன்னால் ஒரு ‘2’ இருப்பதும் இல்லாததும் எத்தனை மரங்களின் தலையெழுத்து என்பதை எரிபொருள் வரலாறு எழுதுகிறவர் மறக்கக் கூடாது. எனக்கு அது கவலை தரும் எண்.

இன்றைய நிலைக்கு வருகிறேன். ஐந்து கிலோ பச்சைக் காயில் ஏறக்குறைய நான்கு கிலோ நீர். அதை ஆவியாக்கக் குறைந்தது 2.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். ஒரு கிலோ காய்ந்த விறகிலேயே இதைவிட அதிக வெப்பம் இருக்கிறது. ஆனால் குழாய் ஸ்டோரில் பெரும்பங்கு புகைபோக்கியோடும் நீராவியோடும் போய்விடுகிறது. 55 டிகிரிக்குள் நிற்கும் இந்தச் சூடு வெப்ப ஏற்றி என்ற கருவிக்கு ஏற்ற வேலை. குளிர்சாதனப் பெட்டியின் தத்துவம்தான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று யூனிட் வெப்பத்தை அது காற்றிலிருந்து இழுத்துத் தரும். அறை இருட்டாகவே இருக்கலாம். முற்றத்தில் காயை வெளுத்த அதே சூரியன், சூரிய மின்தகட்டில் விழுந்து கம்பி வழியாக வந்தால் பச்சையைத் தொடாது. பழைய அடிப்படிக்குத் திரும்புகிறோம், ஆனால் வேறு வாசல் வழியாக.

கன்னிக் காய் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. பறிப்பு ஆடி, ஆவணியிலேயே தொடங்கிவிடுகிறது. அப்போது ஏலமலைக்கு மேல் மேகம், தகட்டில் வெளிச்சம் குறைவு. ஆனால் அந்த மேகத்தைக் கொண்டுவருகிற தென்மேற்குக் காற்று மழையை மேற்கே கொட்டிவிட்டு, கம்பம் கணவாய் வழியாகத் தேனிப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி போலவே இந்தக் கணவாயும் காற்றாலைகளுக்குப் பேர்போனது. அவை மும்முரமாகச் சுழல்வது அதே மாதங்களில். எல்லைமேட்டில் ராமக்கல்மேட்டுக் காற்றாலைகள் ஏலத்தோட்டங்களின் விளிம்பிலேயே நிற்கின்றன. 1976-இல் தொடங்கிய 780 மெகாவாட் இடுக்கி நீர்மின் திட்டமும் தொலைவில் இல்லை.

ஆனால் தோட்டம் பெரும்பாலும் கேரளத்தில், காற்று இறங்கும் பள்ளத்தாக்கு தமிழ்நாட்டில். கேரளம் தன் மின்தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. அதில் நிலக்கரியும் கலந்திருக்கிறது. ஆவணி மாதத்து இரவொன்றில் ஸ்டோருக்குள் ஓடுகிற மின்சாரம் காற்றா, தண்ணீரா, கரியா என்று மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. மகரக் காய்க்கு வழி தெரிகிறது. கன்னிக் காயின் வழி இரண்டு மாநில மின்வாரியங்களின் கணக்குப் புத்தகங்களுக்கு நடுவே கிடக்கிறது.