மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதுமா?

மழைக்காலம் வந்துவிட்டால் வேலப்பன்சாவடி பக்கத்துக் காலி மனைகளில் கீழாநெல்லி தானாகவே முளைத்து நிற்கும். புளிய இலை போன்ற சிறிய இலைகள். அவற்றின் கீழே கடுகளவு பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். பெயரும் அதனால் வந்ததுதான். தண்டு நன்றாகச் சிவந்திருந்தால் அது அதே குடும்பத்து வேறு செடியாக இருக்கலாம். சாக்கடை ஓரத்தில் வளர்ந்ததைப் பறிக்க வேண்டாம்.

மஞ்சள் காமாலை என்றால் இதை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம்.

இந்தச் செடியைச் சென்னையிலேயே ஆய்வு செய்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க் ஆகியோர் அடங்கிய குழு, 1988-ல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டது. பி கிருமி உடலில் தங்கிவிட்டவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. ஆனால் பின்னர் தாய்லாந்து முதலிய நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றுவது முதல் பாதி மட்டும்தான்!

அப்படியானால் கீழாநெல்லி குடித்துக் குணமானவர்கள்? அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். பெயர் செடிக்குப் போகிறது. பி, சி வகைகள் அப்படியல்ல. கண் வெளுத்த பிறகும் கிருமி உள்ளேயே இருந்து ஈரலைக் கெடுக்கலாம். பித்தநாளத்தைக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். அதற்குக் கீழாநெல்லியை நம்பி நாள் கடத்தக் கூடாது.

எனவே கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை. கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் ஈ உயிருக்கே ஆபத்தாகலாம், ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். நோயாளி பிதற்றினாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ உடனே பெரிய மருத்துவமனைதான்.

மூலிகை வைத்தியமே வேண்டும் என்பவர்களுக்கு அரும்பாக்கம் அரசு இந்திய மருத்துவமனையில் சித்தா, யுனானி இரண்டும் இருக்கின்றன. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் அங்கே சொல்லிவிட வேண்டும். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம்.